தனிவழிப் பயணியும் பந்திச் சோறும்



தனியாகப் பிரயாணம் செய்பவனுக்குச் சில சுகங்கள் உண்டு. விரும்பிய நேரத்திலே புறப்படலாம். விரும்பிய இடத்திலே நிற்கலாம். ஒரு கல்வெட்டின் முன்னே அரைமணி நேரம் நின்றாலும், 'போதும், வா' என்று கையைப் பிடித்து இழுப்பார் இல்லை. ஆனால் நண்பகல் ஆனதும் இந்தச் சுகத்திலே பாதி குறைந்துவிடுகிறது. காட்சிகளைத் தனியே காணலாம். தனியே உண்ண உட்காரும்போதுதான் தான் இந்த ஊருக்கு அந்நியன் என்பது பயணிக்குத் தெரியவருகிறது. சாப்பாட்டுக் கடையொன்றின் மூலையிலே சுவரைப் பார்த்தபடி உண்டு முடித்து, காசைக் கொடுத்துவிட்டு எழுந்து வரும்போது வயிறு நிரம்பியிருக்கும். ஆனால் அந்த ஊரோடு எவ்வித உறவும் ஏற்பட்டிராது.

பழைய யாழ்ப்பாணத்தார் வழிப்போக்கனுடைய இந்த நிலையை நன்கு அறிந்திருந்தார்கள். தலைச்சுமையை இறக்கி வைப்பதற்குச் சுமைதாங்கி, மாடு உடம்பை உரஞ்சிக்கொள்வதற்கு ஆவுரஞ்சிக்கல், நீருக்குக் கேணி, தங்குவதற்கு மடம் என்று தெருவோரத்திலே அமைத்து வைத்தார்கள். பருத்தித்துறையிலே தெருமூடி மடம் என்று ஒன்று இன்றும் இருக்கிறது. பெயருக்கேற்பத் தெருவையே மூடி நிற்கும் கட்டடம் அது. பாதை நடுவே ஊடறுத்துச் செல்ல, இருபுறமும் கற்றூண்களும் திண்ணைகளும் அமைந்திருக்கின்றன. அவ்வழியே போகிறவன் மடத்தைத் தேடிப் போகவேண்டியதில்லை. மடமே அவன் போகும் வழியிலே வந்து நிற்கிறது.

இந்த ஏற்பாடுகளுள் பல இன்று பயனின்றிக் கிடக்கின்றன. மோட்டார் வண்டியிற் செல்பவனுக்குச் சுமைதாங்கி எதற்கு? ஆனால் அவற்றுள் ஒன்று மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதுதான் கோயில்களை அடுத்து நடைபெறும் அன்னதானம். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்றே பெயர் வழங்குகிறது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலை அடுத்துள்ள அன்னதான மண்டபமோ அமுதசுரபி என்ற பெயரைத் தாங்கியிருக்கிறது. திருவிழாக் காலமல்லாத ஒரு வெள்ளிக்கிழமையன்று தனியாளாக நயினாதீவுக்குச் சென்று, அங்கே பந்தியிலே அமர்ந்து உண்டு வந்ததைப் பற்றியே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

யாழ்ப்பாண நகரிலிருந்து குறிகட்டுவானுக்குப் போகும் பஸ் வண்டியிலே காலையில் ஏறினேன். நகரை விட்டு வெளியேறும்போது பண்ணைக் கடலோரத்திலே கோட்டை தெரிகிறது. போர்த்துக்கேயர் கட்டி, 1658ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் கைப்பற்றி, பின்னர் ஐந்து முனைகளோடு விரிவாக்கிய கோட்டை அது. அதைக் கடந்ததும் இருபுறமும் நீர். ஆழமில்லாத பரவைக் கடலின் நடுவே தாம்போதி நேராக ஓடுகிறது. முழங்கால் அளவு நீரிலே நின்று இறால் பிடிப்பவர்களும், நீரிலே நட்ட தடிகளின்மேல் இறகு உலர்த்தும் நீர்க்காகங்களும் கண்ணிற் படுகின்றன. மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை என்று ஊர்கள் ஒவ்வொன்றாகக் கழிகின்றன. பனங்கூடல், வடலி, வேலி, அதன் பின்னே ஆளில்லாத கல்வீடு, மறுபடியும் பனங்கூடல். போரினால் இடம்பெயர்ந்து கடல் கடந்து போனவர்களின் வீடுகள் அவை. கூரை விழுந்த வீடு ஒன்றின் முற்றத்திலே தேமா மட்டும் பூத்து நிற்பதைக் கண்டேன்.

வேலணையிலிருந்து இன்னொரு தாம்போதி நம்மைப் புங்குடுதீவுக்குக் கொண்டுசெல்கிறது. ஒல்லாந்தர் இத்தீவுகளுக்கெல்லாம் தங்கள் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டினார்கள். வேலணைத் தீவை லெய்டன் என்றும், புங்குடுதீவை மிடில்பேர்க் என்றும், நயினாதீவை ஹார்லெம் என்றும் அழைத்தார்கள். தம் ஊரை நினைந்து ஏங்கிய மாலுமிகளின் வேலை போலும்! அப்பெயர்களுள் நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்பதே ஆங்கிலம் பேசுவோர் வாயில் நன்றாக நிலைத்தது. மற்றவற்றை உள்ளூர்ப் பெயர்கள் வென்றுவிட்டன.

புங்குடுதீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையிலே மோட்டார் வள்ளம் காத்திருந்தது. குனிந்து உள்ளே இறங்கி, பலகை ஆசனத்திலே நெருங்கி உட்கார்ந்தோம். அரிசி மூட்டைகள், காய்கறிப் பெட்டிகள், ஒரு துவிச்சக்கர வண்டி, அனுராதபுரப் பக்கத்திலிருந்து வந்த சிங்கள யாத்திரிகர் ஒரு கூட்டம், இவற்றுக்கிடையே நான். பக்கத்திலிருந்த முதிய அம்மையார் என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, தனியவோ வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா."

"தனிய வந்தாலும் தனியச் சாப்பிடத் தேவையில்லை. மத்தியானப் பூசை முடிய மடத்தடிக்கு வாங்கோ."

ஏறக்குறைய இருபது நிமிடத்திலே கரை சேர்ந்தோம். வள்ளம் இரண்டு துறைகளைத் தொடுகிறது. ஒன்று நாகவிகாரையின் முன்னே. மற்றையது அம்மன் கோயிலின் முன்னே. கோபுரமும் தூபியும் கடலிலிருந்தே ஒருங்கே தெரிகின்றன. சிங்கள யாத்திரிகரிற் பலர் விகாரையை வணங்கிவிட்டு அம்மனையும் வணங்கிச் செல்வதைக் கண்டேன்.

போர்த்துக்கேயர் காலத்திலே இடிக்கப்பட்ட இந்த அம்மன் கோயில், 1788ஆம் ஆண்டிலே மறுபடியும் எடுக்கப்பட்டது என்பர். ஆனி மாதத்திலே நிகழும் பெருந்திருவிழாவுக்குக் குடாநாடு முழுவதும் இங்கே திரண்டு வரும். அன்று கூட்டம் அதிகமில்லை. ஆகவே, நான் காண விரும்பியதை ஆறுதலாகக் காண முடிந்தது. அது ஒரு கல்வெட்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பொலனறுவையிலிருந்து அரசாண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனுடைய சாசனம் அது, தமிழிலே எழுதப்பட்டது.

அச்சாசனம் போர் வெற்றியைப் பாடவில்லை. பரம்பரைப் பெருமையையும் பேசவில்லை. அது வருகின்ற அந்நியரைப் பற்றிப் பேசுகிறது. பரதேசிகள் ஊர்காவற்றுறையிலே வந்து இறங்கவேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்துபோனால், அதிலே நாலில் ஒரு பங்கு அரசனுடைய பண்டாரத்துக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு வணிகப் பண்டங்களைக் கொண்டுவரும் கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. இப்படித் தெளிவாக விதித்திருக்கிறது. இதிலே அரசனுடைய வணிக நோக்கம் இல்லாமல் இல்லை. யானையும் குதிரையும் படைக்கு வேண்டும்; வணிகன் அஞ்சாமல் வந்தாலன்றோ அவை வரும்? ஆயினும், கரையிலே ஒதுங்கியதெல்லாம் கண்டெடுத்தவனுக்கே என்று சொல்லாமல், கலம் இழந்து நிற்கும் அந்நியனுக்கும் ஒரு பங்கு உண்டு என்று கல்லிலே எழுதி வைத்தானே! எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த எழுத்தை, அன்று காலை வள்ளத்தில் வந்திறங்கிய ஓர் அந்நியனாக நின்று பார்த்தேன்.

அடுத்து நாகவிகாரைக்கு நடந்தேன். புத்தர்பெருமான் இலங்கைக்கு வந்த மூன்று தடவைகளுள் இரண்டாவது தடவை நாகதீபத்துக்கு வந்தார் என்று மகாவம்சம் கூறுகிறது. எதற்காக வந்தார்? மகோதரன், சூளோதரன் என்ற இரு நாக அரசர்கள், மாமனும் மருமகனும், மணிகள் இழைத்த ஓர் ஆசனத்துக்காகப் போர் செய்ய நின்றார்கள். அந்தப் பகையைத் தீர்ப்பதற்காக வந்தார். நமது மணிமேகலைக் காப்பியமும் மணிபல்லவம் என்னும் தீவிலே நாக அரசர் இருவர் ஓர் ஆசனத்துக்காகப் பொருத கதையைச் சொல்கிறது. மணிபல்லவம் இந்த நயினாதீவே என்று கொள்ளும் அறிஞர் உளர். குடாநாட்டையே குறிக்கும் என்பாரும் உளர். வேறிடம் என்பாரும் உளர். அந்த ஆராய்ச்சி ஒருபுறம் நிற்க. ஓர் ஆசனத்திலே யார் அமர்வது என்பதற்காக உறவினர் இருவர் படை திரட்டினார்கள் என்ற செய்தியை மட்டும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

மணிபல்லவம் என்றவுடன் நமக்கு நினைவு வருவது அமுதசுரபி. மணிமேகலை அதைப் பெற்ற கதை எல்லாரும் அறிந்தது. அவளுக்கு முன்னே அதை வைத்திருந்த ஆபுத்திரனை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அவனும் ஒரு தனிவழிப் பயணி. தாயினால் விடப்பட்டு, பசுவினாற் காக்கப்பட்டு, வளர்த்தவராலும் ஊராராலும் துரத்தப்பட்டு மதுரைக்கு வந்தவன். இரந்து பெற்ற சோற்றைக் குருடர், முடவர், நோயாளர் ஆகியோர்க்கெல்லாம் கொடுத்துவிட்டு எஞ்சியதைத் தான் உண்டவன். சிந்தாதேவி அவனுக்கு அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தைக் கொடுத்தாள். பின்னர் நாடு செழித்தது. அவனிடம் வந்து உண்பார் இல்லாமற் போயினர். சாவக நாட்டிலே மழையின்றி மக்கள் வாடுகிறார்கள் என்று கேள்வியுற்றுக் கப்பலேறினான். காற்று மிகுந்தமையால் கப்பல் ஒருநாள் மணிபல்லவத்தை அடுத்துத் தங்கியது. அவன் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று எண்ணி மாலுமி பாயை விரித்துப் போய்விட்டான்.

அவன் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆளில்லாத தீவு. கையிலே எடுக்க எடுக்கக் குறையாத சோறு. ஒருவன் நூறாண்டு வாழ அது போதும். ஆனால் ஆபுத்திரன் அதிலிருந்து ஒரு கவளமும் தனக்கென்று எடுக்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை தோன்றி, உயிரோம்பும் அருளுடையார் கையிலே சேர்வாயாக என்று சொல்லிப் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையிலே விட்டுவிட்டு, உண்ணாமல் இருந்து உயிர் நீத்தான். பட்டினியால் இறந்தவர் கதை உலகில் எத்தனையோ உண்டு. சோறு நிறைந்த பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கூட இருந்து உண்பதற்கு ஆளில்லை என்பதற்காக இறந்தவன் கதை நான் அறிய இது ஒன்றுதான். புறநானூற்றிலே கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி இந்த உலகம் எதனால் நிலைத்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தபோது, இந்திரனுடைய அமிழ்தமே கிடைத்தாலும் தனித்து உண்ணாதவர் இருப்பதனால் என்பதைத்தானே முதலில் வைத்தான்? ஆபுத்திரன் அதற்கு இலக்கியமானவன்.

மத்தியானப் பூசை மணி அடித்தது. அம்மையார் சொன்னபடி அன்னதான மண்டபத்தை அடைந்தேன். வாசலிலே எவரும் பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, காசு கேட்கவில்லை. காலைக் கழுவிவிட்டு உள்ளே சென்று தயங்கி நின்றேன். வாளியோடு வந்த இளைஞர் ஒருவர், "அண்ணை, உங்காலை ஒரு இடம் கிடக்கு, இருங்கோ" என்று கையைக் காட்டினார். நெடும்பந்தியிலே இரண்டு பேருக்கு நடுவே ஓர் இடைவெளி. அதிலே சம்மணமிட்டு அமர்ந்தேன். தனியாள் என்ற எண்ணம் அத்துடன் போயிற்று. பந்தியிலே தனியாள் என்று ஒருவன் இல்லை. இவருக்கு அடுத்தவர், அவருக்கு முந்தியவர், அவ்வளவுதான்.

இலை வந்தது, நீர் தெளித்தோம். ஆவி பறக்கும் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, கத்தரிக்காய்க் குழம்பு, கீரை, அப்பளம், பின்னர் இரசம், மோர், பாயசம். சமையலிலே புதுமை எதுவும் இல்லை. ஆனால் நன்னீரே அரிதான இந்தச் சிறு தீவிலே, அரிசியும் காய்கறியும் பெரும்பாலும் வள்ளத்திலேறித்தான் வரவேண்டும் என்பதை நினைத்தால், ஒவ்வொரு கவளத்தின் அருமையும் தெரியும். அவற்றுக்கான பொருளிலே ஒரு பகுதி இன்னும் தொலைவிலிருந்து வருகிறது. கனடாவிலும் இலண்டனிலும் வாழும் பிள்ளைகள் பெற்றோரின் நினைவு நாளுக்கென்றும் குழந்தையின் பிறந்த நாளுக்கென்றும் ஒருநாட் சோற்றை உபயமாக ஏற்றுக்கொள்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணம் இங்கே சோறாகி, முன்பின் அறியாத என்னைப் போன்றவர் இலையிலே விழுகிறது.

"இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்ற குரலும், "காணும், காணும்" என்ற மறுமொழியும் பந்தி நெடுகக் கேட்டுக்கொண்டிருந்தன. 'போதும்' என்பதை யாழ்ப்பாணத்திலே 'காணும்' என்பார்கள். 'காணும்' என்று சொன்ன பிறகும் ஓர் அகப்பை விழுவதே இந்நாட்டு வழக்கம்.

எனக்கு வலப்புறத்திலே எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். குடாநாட்டின் உட்புறத்துக் கிராமமொன்றைச் சேர்ந்தவர். பாயசம் வருமுன் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார். நான் பந்தியின் சிறப்பைப் புகழ்ந்து ஏதோ சொன்னேன். அவர் சிரித்தார்.

"எங்கடை அப்பு சாகுமட்டும் ஒரு கோயில் பந்தியிலும் இருந்ததில்லைத் தம்பி. ஊர்க் கோயில் வீதியிலை தள்ளி நிண்டு, பனையோலைப் பட்டையிலை வாங்கிக்கொண்டு வந்து எங்களுக்குத் தருவார். சோறு அதே சோறுதான். இருக்க மட்டும் இடமில்லை."

நேயர்களே, நாக அரசரின் ஆசனத்தை நினைவில் வைத்துக்கொள்ளும்படி இதற்காகவே சொன்னேன். இந்தக் குடாநாட்டிலே நடந்த நீண்ட போராட்டமும் ஓர் ஆசனத்துக்கான போராட்டந்தான். சோற்றைக் கொடுக்க மறுத்தவர்கள் சிலர். அருகே அமர இடம் கொடுக்க மறுத்தவர்களோ பலர். 1930ஆம் ஆண்டையொட்டி, அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளும் சரிசமமாக அமரவேண்டும் என்ற விதி வந்தபோது, அதற்கு எதிராகக் கிளர்ந்தவர்கள் இருந்தார்கள். பாடசாலைகள் எரிக்கப்பட்டதும் உண்டு. தேநீர்க் கடைகளிலே சிலருக்கு வாங்கிலே இடமில்லை; அவர்கள் வெளியே நின்று போத்தலிலோ தகரப் பேணியிலோ வாங்கிக் குடிக்கவேண்டும்.

இவற்றுக்கு எதிராகக் குரல் கொடுத்தவர்களும் இந்த மண்ணிலேதான் தோன்றினார்கள். 1924ஆம் ஆண்டிலே மாணவர் காங்கிரஸ் என்று தொடங்கி இளைஞர் காங்கிரஸ் என வளர்ந்த இயக்கம் தீண்டாமையை எதிர்த்தது. 1927ஆம் ஆண்டிலே காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தது. 1957ஆம் ஆண்டிலே, சாதியைக் காட்டி ஒருவரைக் கோயிலிலும் உணவுச் சாலையிலும் தடுப்பது குற்றம் என்று சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் வந்த பின்னும் கதவு தானாகத் திறக்கவில்லை. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. தேநீர்க் கடை வாங்கிலே அமர்வதற்காக அடிபட வேண்டியிருந்தது. 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் கோயில் வாயிலிலே நாட்கணக்காக நிற்க வேண்டியிருந்தது.

ஆகவே, எனக்கு அன்று அவ்வளவு எளிதாகக் கிடைத்த அந்த இடைவெளி, இரண்டு பேருக்கு நடுவே ஒரு முழ அகலத் தரை, உண்மையில் எளிதாகக் கிடைத்ததன்று. வெளியூரிலிருந்து வந்த எனக்குக் 'கிடக்கு, இருங்கோ' என்று காட்டப்பட்ட இடம், உள்ளூரிலே பிறந்தவர் பலருக்கு ஒரு தலைமுறைக் காலம் போராடித்தான் கிடைத்தது. அந்நியனுக்கு விருந்திடுவது அறம். கூடவே வாழ்கின்ற அயலவனுக்கு அருகிலே இடம் கொடுப்பது அதனினும் அரிய அறம். ஏனெனில், அந்நியன் நாளை போய்விடுவான், அயலவன் நாளையும் இருப்பான்.

இது நமக்கு மட்டும் உரிய பாடமன்று. சீக்கியருடைய குருத்துவாரங்களிலே இலங்கர் என்னும் பொது உணவுச்சாலை உண்டு. அரசனானாலும் ஆண்டியானாலும் ஒரே வரிசையிலே தரையில் அமர்ந்துதான் உண்ணவேண்டும். சாதி பேசிய சமூகத்துக்கு அவர்களுடைய குருமார் உணவு வரிசையைக் கொண்டே மறுமொழி சொன்னார்கள்.

யாழ்ப்பாணமும் ஒருமுறை அந்த வரிசையைத் தன் துன்பத்திலே கண்டது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியிலே, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே ஒரே இரவில் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் மர நிழலிலும் தங்கினார்கள். பொதுப் பானையிலே வெந்த சோற்றுக்காக வரிசையிலே நின்றபோது, முன்னே நிற்பவன் யார், பின்னே நிற்பவன் யார் என்று கேட்க எவருக்கும் நேரமிருக்கவில்லை. துன்பம் கற்பித்ததை இன்பம் வந்தபின் மறந்துவிடாதிருத்தல் நம் கையிலேதான் இருக்கிறது.

பந்தி முடிந்தது. இலையை எடுத்துக்கொண்டு எழுந்தோம். பெரியவர் கை கழுவுமிடத்திலே எனக்கு நீர் வார்த்தார். நான் அவருக்கு வார்த்தேன். பின்னர் அவர் தம் பேரனை அழைத்து, வாளி ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்த பந்திக்குப் பரிமாறப் போகும்படி சொன்னார். பையன் ஓடினான். தந்தையார் வீதியிலே தள்ளி நின்று வாங்கினார், மகன் பந்தியிலே இருந்து உண்டார், பேரன் பரிமாறுகிறான். அன்றைய காட்சிகளுள் கோட்டையும் கடலும் கல்வெட்டும் ஒருபுறமிருக்க, நான் கண்ட பெருங்காட்சி இதுவே.

தனியே பிரயாணம் செய்ய விரும்பும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. நயினாதீவுக்குச் செல்வதானால் காலையிலேயே புறப்படுங்கள். குடை ஒன்றையும் குடிநீரையும் கொண்டுபோங்கள். மாலை வள்ளத்தின் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பூசை முடிந்ததும் தயங்காமல் பந்திக்குப் போங்கள். உண்டு எழுந்த பின், முடியுமானால் ஒரு வாளியைக் கையிலே எடுங்கள். அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாது என்பார்கள். ஆனால் எதிரே ஏந்துவதற்கு ஒரு கை இல்லாதபோது அதுவும் வெறும் பாத்திரந்தான் என்பதை ஆபுத்திரன் நமக்குக் காட்டிவிட்டுப் போயிருக்கிறான். பந்தியிலே பக்கத்து இடம் வெறுமையாக இருந்தால், யாராவது வந்து அமரட்டும் என்று சற்றே ஒதுங்கி இருப்போமாக.